இரும்பெழுத்து

எல்லாரும் வாசிப்பதற்குக் கண்ணாடி போடுவார்கள், பிள்ளைகள். நான் சொல்லப்போகிற அக்கா வாசிப்பதற்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.

அவருக்கு மட்டக்களப்பு டவுனில் ஒரு பனர்க் கடை இருந்தது. எழுத்தையும் படத்தையும் கொம்பியூட்டரில் அடுக்கி, பெரிய மெசினில் பிளாஸ்டிக் துணியில் அச்சடித்துக் கொடுப்பது அவருடைய வேலை. அதைக் கொண்டுபோய்ச் சந்தியிலும் மதிலிலும் கட்டுவது என்னுடைய வேலை. உங்களில் மூத்தவர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின காலம் அது.

ஒரு பனர் அடித்து முடிந்தால் உடனே கட்டக் கொடுக்க மாட்டார். என்னை ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து மதிலில் அதை விரித்துப் பிடிக்கச் சொல்லுவார். தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். மரக்கறிக் கடை, மருந்துக் கடை எல்லாம் தாண்டிப் பாலம் தொடங்குகிற இடம் வரைக்கும் போய், அங்கே இறங்கி, இந்தப் பக்கம் கிறுகித் திரும்பிப் பார்ப்பார். அந்த இடத்தில் வைத்துத்தான் கண்ணாடியைக் கழற்றுவார். எனக்குக் கை உளையும். போகிற வருகிற ஆட்கள், "என்ன தம்பி, மதில் விழுந்திரும் எண்டா பிடிச்சிக்கொண்டு நிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

திரும்பி வந்ததும் ஒன்றில் தலையாட்டுவார், இல்லாவிட்டால் பனரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய் எழுத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி அடுக்குவார்.

"கண்ணாடி போட்டவனுக்கு எல்லாம் தெரியும் தம்பி. கண்ணாடி வாங்க ஏலாம, வெயிலுக்க கண்ணச் சுருக்கிக்கொண்டு வாற மனிசனுக்கு இது தெரியுமா எண்டுதான் பார்க்கணும்" என்பார்.

அப்படித் தெரிவதற்காக அவர் தன் கையாலேயே ஒரு எழுத்து உண்டாக்கி வைத்திருந்தார். சனம் அதற்கு இரும்பெழுத்து என்று பெயர் வைத்தது. அக்கா இப்போது இந்த ஊரில் இல்லை. திருகோணமலையில் தங்கச்சி வீட்டில் இருப்பதாகக் கேள்வி. ஆனால் அந்த எழுத்து இங்கேதான் இருக்கிறது. நீங்கள் பஸ்ஸில் போகும்போது ஒரு நாளும் அதைக் காணாமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டினதுபோல இருக்கும். தொடக்கம் முதல் முடிவு வரைக்கும் ஒரே தடிப்பு. மெலிந்து போகிற வால் கிடையாது, சுருண்டு வருகிற அழகு கிடையாது. மற்ற எழுத்துகளில் வட்டம் வருகிற இடமெல்லாம் இதில் சதுரம். சதுரத்தின் மூலைகளையும் உளியால் தட்டினதுபோலச் சாய்த்து விட்டிருப்பார். புள்ளிகூட வட்டம் இல்லை, ஒரு கட்டை. ஆனால் தமிழில் ண, ஞ மாதிரி எழுத்துக்குள்ளே சுழி வரும் அல்லவா? அவ்வளவு தடிப்பில் எழுதினால் சுழியெல்லாம் அடைபட்டு, தூரத்திலிருந்து பார்க்கக் கறுப்புக் கட்டிதான் தெரியும். அதற்காக அக்கா ஒவ்வொரு சுழிக்குள்ளும் கத்தியால் கீறினதுபோல ஒரு வெட்டு விட்டார். அந்த வெட்டுக்குள்ளால் வெளிச்சம் வரும். எழுத்துப் பிரிந்து தெரியும். அந்த வெட்டை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்கு மட்டும் ஒரு மாரி காலம் முழுக்கப் போனது என்று சொல்லுவார்.

முதன்முதலில் அது ஒரு நெல்லு மில்லுக்காகச் செய்த எழுத்து. அந்த மில்லில் வேலை செய்த ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் மெசின் பெல்ட்டில் மாட்டிவிட்டது. உயிர் தப்பினார், கால் சரிவரவில்லை. அங்கே கிட்டப் போக வேண்டாம் என்று எழுதித் தொங்கவிட்ட ஒரு போட் இருந்ததுதான். ஆனால் அது பூங்கொடி மாதிரி வளைந்த எழுத்து, மங்கலாகவும் போயிருந்தது. மில் முதலாளி அக்காவிடம் வந்து, "கலியாணக் காட் எழுத்து வேணாம் புள்ள. கண்டதும் கால் நிக்கணும், அப்பிடி ஒண்டு எழுதித் தா" என்று கேட்டாராம்.

அக்கா போய் மில்லுக்குள் இருந்து பார்த்தார். அங்கே சாக்குகளுக்கு அடையாளம் போடுவதற்கு எழுத்து வெட்டின தகடு வைத்திருந்தார்கள். தகட்டைச் சாக்கின்மேல் வைத்து மை பூசினால் எழுத்து விழும். அதைப் பார்த்துத்தான் இரும்பெழுத்துக்கு யோசனை வந்தது. போட் கட்டின அன்று, கால் போன அந்த மனிசன் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து அதைத் தடவிப் பார்த்திருக்கிறார்.

"இது அண்டைக்கு இருந்திருந்தா நான் நிண்டிருப்பன் புள்ள" என்றாராம்.

அந்த ஒரு வசனத்தை அக்கா என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். மெசின் ஓடும்போது சொல்லுவார், தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லுவார்.

அந்தக் காலத்தில் இரும்பெழுத்து ஆபத்துள்ள இடத்துக்கு மட்டும்தான் போனது. கரண்ட் பெட்டி, கட்டு இல்லாத கிணறு, பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் கட்டுகிற இடம். நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வெள்ளத்தில் உடைந்த ஒரு மதகில் அந்தப் போட்டைக் கட்டிவிட்டு நான் இறங்குமுன்னமே, சைக்கிளில் வந்த ஒருவர் வந்த வேகத்தில் காலை ஊன்றி நின்றார். என்ன எழுதியிருக்கிறது என்றுகூட வாசிக்கவில்லை. எழுத்தின் தோற்றத்தைக் கண்டே சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

அது அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அக்காவிடம் ஒரு குணம் இருந்தது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. கடன் கேட்டாலும் வராது, குடை கேட்டாலும் வராது. எழுத்தைக் கேட்டாலும் வராது.

முதலில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்காரன் வந்தான்.

"அக்கா, எனக்கு அந்த மில்லு எழுத்துத்தான் வேணும்."

"அது ஆபத்துக்கு எழுதுற எழுத்து தம்பி."

"என்ட கடையும் ஆபத்திலதான் அக்கா இரிக்கி. ஒரு சனமும் வருகுதில்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடித்துக் கொடுத்தார். ரோட்டால் போன சனமெல்லாம் நின்று பார்த்தது, கடைக்கும் வந்தது. அந்தக் கதை பரவினதும் ஓட்டமாவடியிலிருந்து சீமெந்துக் கடை முதலாளி வந்தார். ஏறாவூரிலிருந்து புடவைக் கடைக்காரர் வந்தார். விளையாட்டுக் கழகப் பொடியன்கள் வந்தார்கள். மகளுக்குக் கலியாணம் என்று ஒரு தகப்பன் வந்து, மாப்பிள்ளை பொம்பிளை பெயரை அந்த எழுத்தில்தான் அடிக்க வேணும் என்று நின்றார். கலியாண வீட்டுப் பந்தலில் அந்தப் பனரை நான் கட்டும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன தம்பி, இது கலியாண வீடா, கொங்கிறீட் கடையா?"

"பொம்பிளட தகப்பன்ட விருப்பம் ஐயா."

"நல்லது, நல்லது. மாப்பிள்ள தூரத்திலயே கண்டு பயப்படட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஏணியில் நின்று சிரித்தேன். அக்காவிடம் வந்து சொன்னபோது அவரும் சிரித்தார். ஆனால் பிறகு, "அந்தத் தகப்பன் பாவம் தம்பி. ஊருக்கு ஒரு நாளாவது தன்ட பேர் தெரியணும் எண்டு ஆசப்பட்டிருப்பார்" என்றார். அவருடைய வாயில் யாரும் பாவம்தான்.

ரியூசன் வாத்திமார் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு அடித்துக் கொடுத்தால் மற்றவர் மறுநாள் வந்து நிற்பார். "அவர்ட பேர் என்ட பேர விடப் பெருசா இரிக்கி. நான் என்ன குறைஞ்ச ஆளா?" என்பார். அவருக்கு இன்னும் பெரிதாக அடிக்கும். பிறகு முதலாமவர் வருவார். இப்படி எழுத்து வளர்ந்து வளர்ந்து, கடைசியில் அவர்களுடைய முகத்துக்கே பனரில் இடமில்லாமல் போய்விட்டது.

டவுனில் புதிதாக ஒரு பொடியன் பனர்க் கடை போட்டான். அவனும் அக்காவிடம் வந்தான். "அக்கா, எல்லாரும் அந்த எழுத்தத்தான் கேக்கிறாங்க. என்னட்ட இல்ல எண்டா போயிடுறாங்க." அக்கா ஒன்றும் யோசிக்காமல் பென் டிரைவில் முழுவதையும் போட்டுக் கொடுத்தார். நான் ஏசினேன். "புதுசா கட போட்டிரிக்கான் தம்பி. கட்டிக் குடுக்க ரெண்டு குமர் வேற வீட்ட இரிக்காம்" என்றார். அவன் இன்னொருவனுக்குக் கொடுத்தான். பிறகு யார் யாருக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் நாங்கள் சந்தியில் ஒரு பனர் கட்டிக்கொண்டு நின்றபோது, தெரிந்த பஸ் றைவர் ஒருவர் பஸ்ஸை மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"தங்கச்சி, உங்கட சந்திக்கு வந்தா எனக்கு ஹோன் அடிக்கத் தேவையில்ல. சுவரெல்லாம் கத்திக்கொண்டுதானே நிக்கிது!"

"நல்லாத் தெரியுதா அண்ணே?" என்று அக்கா ஆசையாகக் கேட்டார்.

"என்னத்த தெரியிற? நான் இப்ப ஒண்டையும் பார்க்கிறல்ல."

பஸ் போனது. அக்கா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சந்தியைச் சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் அவருடைய எழுத்து. மஞ்சளில் கறுப்பு, சிவப்பில் வெள்ளை, நீலத்தில் மஞ்சள். முதல்நாள் கட்டின பனரை அதற்குள் தேடினார். நான்தான் கையைக் காட்டினேன். அவருடைய முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. இனிக் கொஞ்சம் பார்த்துத்தான் கொடுக்க வேணும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைக்கு வந்தால் வாசலில் ஒரு பெண் நிற்கிறா. புருசன் இல்லாதவ, இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கியிருக்கிறா. வீட்டு வேலியில் கட்ட ஒரு பனர் வேணுமாம், அந்தப் பெரிய எழுத்தில்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அடித்துக் கொடுத்தார்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். ஆனாலும் நீங்கள் ஆற்றங்கரையில் வளர்கிற பிள்ளைகள், தெரிந்திருக்க வேணும்.

மாரி காலத்தில் எங்களுடைய வாவிக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாவியைத்தான் நாங்கள் ஆறு என்று சொல்லுவது. வாவி கடலோடு சேருகிற இடத்தில் மணல் அடைத்து மேடாகக் கிடக்கும். மழை கொட்டினால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் ஏறி ஏறி, வட்டைக்குள் புகுந்து, வயல் முழுக்க நின்று நெல்லை அழுக வைக்கும். அந்த நேரம் மணல் மேட்டை வெட்டிக் கடலுக்கு வழி விடுவார்கள். அதைத்தான் ஆற்றுவாய் வெட்டுகிறது என்பது. வெட்டினதும் தண்ணீர் சீறிக்கொண்டு கடலுக்கு ஓடும். மீன் குவியும். வீச்சுவலையோடு ஆட்கள் வருவார்கள், பார்க்கிறதற்கும் சனம் வரும். ஆனால் கரையில் இருப்பது மணல். மேலே பார்க்க நிலம்போல இருக்கும், அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். நிற்கிற மண் அப்படியே ஆளோடு போய்விடும்.

அந்த வருசம் வெட்டினபோது, அந்தப் பக்கத்து மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் அக்காவிடம் வந்தார்கள். அக்கா மஞ்சள் துணியில் கறுப்பு இரும்பெழுத்தில் அடித்தார்: "கரை இடியும். இறங்க வேண்டாம்." வேறு ஒன்றும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு தானும் ஓட்டோவில் வந்தார். ஆற்றுவாய்க்குப் போகிற பாதையில் இரண்டு தடியை நட்டு நான் கட்டினேன். அக்கா தூரப் போய் நின்று கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். தலையாட்டினார்.

ஆனால் அந்தப் பாதையில் அது ஒன்று மட்டும் இல்லை. ஆற்றுவாய் பார்க்கச் சனம் வருகுது என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாம் அங்கே பனர் கட்டியிருந்தார்கள். கொத்துக் கடை இருந்தது, சீமெந்துக் கடை இருந்தது. ரியூசன் வாத்திமார் இரண்டு பேரும் இருந்தார்கள். எல்லாம் அதே எழுத்து.

வாகரைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருந்த ஒரு குடும்பத்தில் ஒரே மகன். பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டுகிற இடத்தில் மேசன்மாருக்குக் கொங்கிறீட் சுமந்துகொண்டிருந்தான். மழையால் வேலை நின்று வீட்டுக்கு வந்திருந்தான். கூட்டாளியோடு வலை எடுத்துக்கொண்டு ஆற்றுவாய்க்குப் போனான். வலையை வீச ஓரத்துக்குப் போன இடத்தில் கரை இடிந்தது. கூட்டாளி பின்னால் நின்றதால் தப்பினான். அந்த ஒரே மகனைக் கடல் இரண்டு நாள் வைத்திருந்துதான் தந்தது.

செத்த வீட்டுக்கு நானும் அக்காவும் போனோம். முற்றத்தில் ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். சங்கத்து ஆள் ஒருவர் அந்தக் கூட்டாளிப் பொடியனிடம் கேட்டார்.

"போட் ஒண்டு கட்டியிருந்தமே தம்பி, நீங்க ரெண்டு பேரும் காணல்லையா?"

"கண்டனாங்க மாமா." அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "மஞ்சளா, பெரிய எழுத்து. கொத்துக் கட போட் எண்டு நினைச்சிட்டுப் போயிற்றம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கையில் வைத்திருந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தார். கடைக்கு வந்து கொம்பியூட்டரைப் போட்டு, அந்த எழுத்தை அதிலிருந்து அழித்தார். பிறகு வாசல் படியில் போய் இருந்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் போக, தாய் கடைக்கு வந்தா. வெள்ளைச் சேலை. கையில் அவனுடைய அடையாள அட்டைப் படம்.

"என்ட புள்ளைக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்கணும் மகள். பேர் பெருசா வரணும். உன்ட அந்தப் பெரிய எழுத்தில. ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனும் காணணும்."

அக்கா எழும்பிக் கதிரையைக் கொடுத்தார். தாய் இருக்கவில்லை.

"அந்த எழுத்து இனி நான் அடிக்கிறல்ல மாமி."

"ஏன்?"

"அடிக்கிறல்ல. மெல்லிசா, வடிவா எழுதித் தாறன்."

அக்கா ஒருவருக்கு இல்லை என்று சொன்னதை நான் முதன்முதலில் கண்டது அன்றைக்குத்தான். சொல்லிப் பழக்கமில்லாதபடியால் அது முரட்டுத்தனமாக வந்தது. தாய் அவருடைய முகத்தை நேரே பார்த்துக் கேட்டா.

"கொத்துக் கடைக்கு அடிச்ச. சீமெந்துக்கு அடிச்ச. வேலியில இடியப்பம் விக்கிறவளுக்கும் அடிச்ச. செத்த என்ட புள்ளைக்கு இல்லையா?"

"அதனாலதான் மாமி…"

"மெல்லிசா வேணாம். அவன் இரிக்கும் வரைக்கும் அவன்ட பேர் ஒருத்தருக்கும் தெரியா. கொங்கிறீட் சுமக்கிற பொடியன் எண்டுதான் கூப்பிட்டாங்க. இப்பயாவது தெரியட்டும் எண்டு கேட்டன்."

படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டா. அக்கா பின்னால் வாசல் வரைக்கும் ஓடினார். கூப்பிடவில்லை.

அடுத்த நாள் அந்தப் பனர் வந்துவிட்டது. பென் டிரைவில் எழுத்து வாங்கின அந்தப் பொடியனுடைய கடையில் அடித்தது. அங்கேதான் எழுத்து இருந்ததே. கூட்டாளிமார் கொண்டுபோய்க் கட்டினார்கள். அவன் போன இடத்திலேயே கட்ட வேணும் என்று தாய் சொல்லியிருக்கிறா. மணலில் வேறு தடி நட வசதியில்லை. நாங்கள் நட்ட இரண்டு தடியிலும் கட்டிவிட்டார்கள்.

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"பெருசா தெரியுதா தம்பி?"

"தெரியுது அக்கா. தூரத்திலயே தெரியுது."

"என்னத்த தெரியுது?"

"அவன்ட முகமும் பேரும்."

"நம்மட போட்?"

"அது பின்னால போயிற்று அக்கா."

அக்கா சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் போனேன். நேரே அந்தத் தாயின் வீட்டுக்குத்தான் போனார். தாய் வெளியே வரவில்லை, உள்ளே நின்றபடி கேட்டா.

"என்ன, இப்ப எழுதித் தர வந்தியா?"

"இல்ல மாமி. அந்தப் பனரக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவம். பின்னால இரிக்கிற போட் மறைஞ்சி போச்சி. ஆத்துவாய் இன்னும் மூடல்ல. வேற புள்ளையள் வரும்."

"என்ட புள்ளையின்ட முகத்த அவுக்கச் சொல்றியா?"

"அவுக்க வேணாம் மாமி. தள்ளி…"

"அவன் தள்ளிப் போகல்ல. அங்கதான் போனான். போ மகள், நீ போ."

திரும்பி வரும்போது நான் சொன்னேன், "வேற போட் ஒண்டு அடிப்பம் அக்கா. அதவிடப் பெருசா."

"அதவிடப் பெருசா அடிச்சா நாளைக்கு இன்னொருத்தன் வந்து அதே மாதிரிக் கேட்பான் தம்பி" என்றார். கோபமில்லை, களைப்பு.

மறுநாள் கடை பூட்டு. எங்கே என்று தேடினேன். ஆற்றுவாய்க்குப் போகிற பாதையில், அந்தப் பனருக்குப் பக்கத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வருகிற ஒவ்வொருவரையும் மறித்துச் சொல்லுகிறார்.

"மனே, அங்கால போகாத. கரை இடியும்."

அக்காவின் குரல் சின்னக் குரல். கடல் இரைச்சலில் கிட்டப் போனால்தான் கேட்கும். அதனால் ஒவ்வொருவருக்கும் கிட்டப் போய்த்தான் சொன்னார். சிலர் கேட்டுத் திரும்பினார்கள். சிலர் பகிடி பண்ணினார்கள். "அக்காட மெசின் பழுதாப் போச்சாம், இப்ப வாயால பனர் அடிக்கிறா" என்று ஒருவன் சொல்ல, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் கேட்காமல் போனபோது அக்கா சேலை நனைய ஓடிப் போய் அவனுடைய வலையைப் பிடித்து இழுத்தார். அவன் வாயில் வந்ததெல்லாம் பேசினான். அக்கா வலையை விடவில்லை. கடைசியில் அவன் சலித்துத் திரும்பிப் போய்விட்டான்.

நாள்தோறும் நின்றார். கடைக்கு வந்த ஆட்கள் பூட்டைப் பார்த்துவிட்டு மற்றக் கடைக்குப் போனார்கள். நான் பின்னேரங்களில் போய்க் கொஞ்ச நேரம் கூட நிற்பேன். ஒரு நாள் தாய் விளக்கு வைக்க வந்தா. அக்காவைக் கண்டதும் பனரை அவிழ்க்க வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேணும், தடியைப் பிடித்துக்கொண்டு நின்றா. அக்கா அவவைப் பார்க்கவே இல்லை. அந்த நேரம் வலையோடு இரண்டு பொடியன்கள் வந்தார்கள். அக்கா சொன்னார். "ஓரத்துக்குப் போகல்ல அக்கா, சும்மா இதில நிண்டு வீசுறம்" என்று சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள்.

தாய் அவர்களைக் கூப்பிட்டா.

"தம்பி, இஞ்ச வாங்க." பனரில் இருந்த முகத்தைக் காட்டினா. "இவனும் வீட்ட அப்பிடித்தான் சொல்லிற்று வந்தவன்."

பொடியன்கள் அந்த முகத்தைப் பார்த்தார்கள், தாயைப் பார்த்தார்கள். திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு தாய் காலையிலும் வரத் தொடங்கினா. பாதைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தாய். இருவரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. ஒருவர் விட்ட ஆளை மற்றவர் பிடிப்பார். மழை வந்தால் அக்கா குடையைத் தாயின் பக்கம் மணலில் குத்திவிட்டு வருவார். தாய் அதற்குக் கீழே போக மாட்டா. குடை தனியே நிற்கும், இரண்டு பேரும் நனைந்துகொண்டு நிற்பார்கள்.

மழை விட்டது. கடல் மணலைத் திருப்பித் தள்ளத் தொடங்கினது. வாய் ஒடுங்கி, வாய்க்கால் அளவாகி, ஒரு நாள் முழுவதும் அடைபட்டது. சங்கத்து ஆட்கள் வந்து பார்த்து, இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தாய் தானே பனரின் கயிற்றை அவிழ்த்தா. நான் கை கொடுத்தேன். முகம் உள்ளே வரும்படி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டா. பிறகு, இத்தனை நாளில் முதல் தரமாக, அக்காவிடம் கதைத்தா.

"போதும் மகள். வா போவம். முகமெல்லாம் கறுத்துப் போயிரிக்காய்."

"நீங்க நடவுங்க மாமி. அதில ஒருத்தன் வாறான். அவனுக்கும் சொல்லிற்று வாறன்."

தோளில் வலையோடு ஒரு நடுத்தர வயது மனிசன் வந்துகொண்டிருந்தார். அக்கா கிட்டப் போய்ச் சொன்னார், "அண்ணே, அங்கால இறங்க வேணாம். கரை இடியும்."

அவர் ஆற்றுவாய்ப் பக்கம் பார்த்தார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் காய்ந்த மணல். அதில் நாயொன்று படுத்துக் கிடந்தது.

"வாய் மூடிற்று தங்கச்சி. பாருங்க, மணல்தானே."

"ஓம் அண்ணே, தெரியும்" என்றார் அக்கா. "எண்டாலும் இறங்க வேணாம்."

அந்த மனிசன் அக்காவைப் பார்த்தார். சுருட்டின பனரோடு நின்ற தாயைப் பார்த்தார். அவருக்கு விசயம் விளங்கினதோ இல்லையோ, தோளிலிருந்த வலையை இறக்கி வைத்தார். "சரி தங்கச்சி. இறங்கல்ல" என்று சொல்லிவிட்டு மணலில் குந்தினார்.

நாங்கள் மூன்று பேரும் பாதையால் திரும்பி நடந்தோம். வளைவுக்கு வந்து நான் கிறுகிப் பார்த்தேன். அவர் அப்படியே குந்திக்கொண்டு, நாங்கள் மறையட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.